மாறியது தாமதமல்ல

இந்தியாவின் சி-டாக் நிறுவனம் டிரான்ஸ்பியூட்டர் சில்லை நம்பிக் காலத்தை இழந்தது, தொடக்கத்திலேயே ஸ்பார்க் சில்லின் பக்கம் போயிருக்க வேண்டும் என்ற விமர்சனத்தை ஏற்க முடியவில்லை. சக்திமிக்க கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்த சூழலில், 1988-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1991-இலேயே பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கிக் காட்டியது. மற்றச் சில்லுகளோடு தகவல் பரிமாற நான்கு இணைப்புகள் ஒவ்வொரு டிரான்ஸ்பியூட்டருக்குள்ளும் இருந்தது அந்த வேகத்துக்குப் பெரிதும் உதவியது. ஸ்பார்க் என்றால் சில்லுகளை இணைக்கும் வலையமைப்பைத் தனியே கட்ட வேண்டியிருந்திருக்கும். டிரான்ஸ்பியூட்டரின் அடுத்த தலைமுறையான டி9000 தாமதமானபோதாவது விலகியிருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அவர்கள் காத்துக் கிடக்கவில்லை. பரம் 8600-இல் கணக்கிடும் வேலைக்கு இன்டெல் ஐ860-ஐச் சேர்த்தார்கள். 1994-இல் பரம் 9000-இல் சூப்பர்ஸ்பார்க்குக்கே வந்துவிட்டார்கள். பல சில்லுகளை ஒன்றாக வேலை வாங்கும் அனுபவம் முதல் கணினியில் கிடைத்தது. அது இல்லாமல் முன்பே மாறியிருந்தால், கையில் நல்ல சில்லு இருந்திருக்கும், கணினி இருந்திருக்காது.