ஈயத் தகடும் பேங்க் ஃபைலும்

காக்களூர் சிட்கோ பக்கம் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். கேட்டில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி பெயர், ஜிஎஸ்டி நம்பர், 'ஆட்கள் தேவை', 'புகைபிடிக்காதீர்'... எல்லாம் இருக்கும். உள்ளே இருக்கும் மெஷினுக்கும் சரக்குக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, எவ்வளவுக்கு? அது இருக்காது. பேங்க் மேனேஜரின் பீரோவுக்குத்தான் தெரியும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை மக்களே. 1666-ல் லண்டன் எரிந்தது. 1680-ல் நிக்கோலஸ் பார்பன் என்பவர் வீடுகளுக்குத் தீக் காப்பீடு விற்கத் தொடங்கினார். அந்தக் காலக் கம்பெனிகள் காப்பீடு செய்த வீட்டின் முகப்பில் ஒரு ஈயத் தகட்டை அடித்துவிட்டுப் போயின. 1696-ல் தொடங்கிய ஹேண்ட் இன் ஹேண்ட் என்றால் கோர்த்த கைகள். 1710-ல் வந்த சன் ஃபயர் ஆபீஸ் என்றால் முகம் வைத்த சூரியன். கீழே பாலிசி நம்பர். கதவு எண்ணே இல்லாத தெருக்களில் எந்த வீடு காப்பீடு ஆனது என்று அடையாளம் காண இதுதான் வழி. படிக்கத் தெரியாதவனுக்கும் சூரியன் தெரியும்.

(தகடு இல்லாத வீட்டை எரியவிட்டு தீயணைப்பு ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. ஆய்வாளர்கள் நம்புவதில்லை. பக்கத்து வீடு எரிந்தால் தன் வீட்டுக்கும் பரவும் என்பது தெரியாதா என்ன?)

பிறகு ஈயம் போய், செம்பிலும் தகரத்திலும் நம்பர் இல்லாத தகடுகள் வந்தன. அதாவது வெறும் விளம்பரம். 1866-ல் லண்டனுக்குப் பொதுத் தீயணைப்புப் படை வந்தது. அத்தாட்சி முழுக்கக் காகிதத்துக்குள் போய்விட்டது.

நம் ஊரில் அந்தக் காகிதம் இன்னும் ஆழமாகப் புதைந்து கிடக்கிறது. 1973-ல் 107 கம்பெனிகளை நான்காக அடக்கினார்கள். அதில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம்ம சென்னைதான். அப்படியிருந்தும் பாலிசி பேசுவது வக்கீல் இங்கிலீஷ். லோன் வாங்கினால் பேங்கே பாலிசி போட்டு, பிரீமியத்தைக் கணக்கில் கழித்து, ஒரிஜினலை ஃபைலில் வைத்துக்கொள்வது சகஜம். ஓனரே பல சமயம் படித்திருக்க மாட்டார்.

படிக்காததன் விலை என்ன? பி.காம் பசங்களுக்கு ஃபயர் கிளெய்ம் கணக்கு ஞாபகம் இருக்கும். 40 லட்சம் பெறும் சரக்கை 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்து, 10 லட்சத்துக்கு எரிந்தால், கையில் வருவது 5 லட்சம். ஆவரேஜ் கிளாஸ்! நமக்கு அது அஞ்சு மார்க் கணக்கு. லேத் பட்டறைக்காரருக்கு அது எரிந்த பிறகு வரும் செய்தி. 2021 ஏப்ரலில் வந்த சிறுதொழில் பாலிசிகளில் 15 சதவீதம் வரை குறைவாகக் காப்பீடு செய்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். நல்லதுதான். பாதிக்குப் பாதி குறைத்தவருக்கு அது உதவாது.

ஓனர் கதையோடு முடிந்தால் பரவாயில்லை. 2024 மே கடைசியில் இதே காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் ஆலை எரிந்து உயிர்கள் போயின. போபாலுக்குப் பிறகு 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், அபாயகரமான பொருட்களைக் கையாளுகிறவர் வெளியாட்களுக்காகப் பாலிசி எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. யாருக்காக அந்தப் பாலிசியோ, அந்தப் பக்கத்துத் தெருக்காரர் அதை எங்கே போய்ப் பார்ப்பது?

"தொழில் ரகசியம்" என்பார்கள். டிவிஎஸ் 50 ஓட்டுகிறவர் நடுரோட்டில் இன்ஷூரன்ஸ் காட்டுகிறாரே, அது ரகசியம் இல்லையா? ஆலை நோட்டீஸ்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அபாயக் கழிவு விவரத்தை ஆலை வாசலில் பலகையாக வைக்கச் சொல்லி 2003-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதே வாசலில் இன்னும் நாலு வரி, தமிழில்: கம்பெனி பெயர், பாலிசி நம்பர், எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை. பெயின்டருக்கு அரை நாள் கூலி ஆகுமா?