இலை பார்க்கக் காசா?

செப்டம்பர் முடிந்தால் போதும், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு புலம்பல் தவறாமல் கேட்கும். "மரம் தானாகச் சிவக்கிறது. அதைப் பார்ப்பதற்கு வாசலில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு காசு வாங்குகிறான்!" நியூயார்க்கின் லெட்ச்வொர்த், நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா நாட்ச் என்று எந்த ஸ்டேட் பார்க்கின் பெயரை எடுத்தாலும் கூடவே இந்தப் பேச்சும் வந்துவிடும். ஏழு பேர் சேர்ந்து வேன் வாடகைக்கு எடுக்கிறார்கள். பெட்ரோல், மோட்டல், வழியில் பீட்சா எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். பூங்கா வாசலுக்கு வந்ததும் மட்டும் எல்லோரும் கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். இயற்கைக்கு ஏது விலை என்று தத்துவம் வேறு!

இயற்கைக்கு விலை உண்டு. அதை ஏற்கனவே வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

ஃபிராங்கோனியா நாட்சையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே ஒரு கணவாய். அக்டோபர் தொடக்கத்தில் இரு பக்கமும் தீப்பிடித்தது போல இருக்கும். நூறு வருடங்களுக்கு முன்பு இது தனியார் சொத்து. அங்கே ப்ரொஃபைல் ஹவுஸ் என்ற பெரிய ஹோட்டல் இருந்தது, 1923ல் எரிந்துபோனது. திரும்பக் கட்டுவதற்குப் பதில் நிலத்தை விற்றுவிட முடிவு செய்தார்கள். வாங்கத் தயாராக இருந்தவர்கள் மரம் வெட்டுகிறவர்கள். விலை நாலு லட்சம் டாலர். மாநில அரசு பாதியைத்தான் தந்தது. மீதியை நியூ ஹாம்ப்ஷயர் காடுகள் பாதுகாப்புச் சங்கமும் பெண்கள் சங்கங்களும் வசூல் செய்தன. வசூலுக்கு அவர்கள் சொன்ன வழி ரொம்ப எளிமையானது: ஒரு டாலர் கொடு, ஒரு மரத்தை வாங்கு. கொடுத்தவர்களில் பலர் அந்த மலையைப் பார்த்தேகூட இருக்க மாட்டார்கள். 1928ல் அது பூங்காவானது. அன்றைக்கு ஒரு டாலர் என்பது சில்லறை இல்லை. அந்த மக்கள் மரம் வாங்கிக் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டுதான் இன்றைக்கு "பார்க்கிங்குக்குக் காசா?" என்று கேட்கிறார்கள்.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே ஹட்சன் நதிக்கரையில் இருக்கும் பேர் மவுண்டன் கதை இன்னும் சுவாரசியம். அங்கே வர இருந்தது பூங்கா இல்லை, ஜெயில்! சிங் சிங் சிறைச்சாலையை அந்த மலையடிவாரத்துக்கு மாற்றுவதாக மாநில அரசின் திட்டம். கைதிகளை வைத்து வேலையும் ஆரம்பித்துவிட்டார்கள். 1910ல் மேரி ஹாரிமன், ரயில்வே முதலாளி ஒருவரின் விதவை, பத்தாயிரம் ஏக்கர் நிலமும் பத்து லட்சம் டாலரும் தருவதாகச் சொன்னார். நிபந்தனை, சிறைத் திட்டத்தைக் கைவிட வேண்டும். கைவிட்டார்கள். நியூஜெர்சியிலிருந்து காலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பி ஹாரிமன், பேர் மவுண்டன் பூங்காக்களைச் சுற்றிவிட்டு ராத்திரி வீடு திரும்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியுமோ தெரியாதோ.

லெட்ச்வொர்த்தில் வில்லியம் லெட்ச்வொர்த் என்பவர் 1906ல் தன் ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஜெனிசீ ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க ஆட்கள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. மெய்ன் மாநிலத்தில் பெர்சிவல் பாக்ஸ்டர் 1921 முதல் 1925 வரை கவர்னராக இருந்தும் கட்டாடின் மலையைப் பூங்காவாக்க சட்டசபையைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. பதவி போன பிறகு சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக நிலம் வாங்கி, 1931 முதல் 1962 வரை முப்பது வருடம் மாநில மக்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல். (கவர்னராக இருந்தபோது முடியாததைச் சாதாரண ஆளாகச் செய்து முடித்த அரசியல்வாதி உலகத்தில் எத்தனை பேர்?)

சரி, காசு கொடுக்க மனமில்லாதவர்கள் எங்கே போகிறார்கள்? வீட்டிலேயே இருந்துவிட்டால் பரவாயில்லை. ஊர்க்காரன் வீட்டு வாசலுக்குப் போகிறார்கள். வெர்மான்ட்டில் பாம்ஃப்ரெட் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே மண்சாலை ஓரத்தில் ஒரு தனியார் பண்ணை வீடு. சரிவில் இறங்கும் பாதை, இருபுறமும் மேப்பிள், படத்துக்கென்றே அமைந்தது போல இருக்கும். அந்தப் படம் ஊரெல்லாம் பரவியதும் கூட்டம் குவிந்தது. சாலையை அடைத்து கார்களை நிறுத்தினார்கள், வேலி தாண்டி உள்ளே போனார்கள், படத்துக்குப் படம் உடை மாற்ற அங்கேயே மறைப்புக் கட்டினார்கள், ஒதுங்குவதற்கும் அதே இடம்தான். ஆம்புலன்ஸ் வந்தால் போக வழியில்லை என்று ஊரே கொதித்து, 2023 செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரை கிளவுட்லேண்ட் சாலையை வெளியாட்களுக்கு மூடிவிட்டார்கள். இலவசமாக இலை பார்த்ததன் செலவு இது. கழிப்பறை, குப்பைத் தொட்டி, வண்டி நிறுத்துமிடம், வழி சொல்ல ஆள் எல்லாம் பூங்காவில் இருக்கிறது. அதற்குத்தான் வாசலில் அந்தச் சீட்டு.

இந்தக் கூட்டத்துக்குப் பாதிக் காரணம் "பீக்" என்ற ஒரே ஒரு வார்த்தை. உச்சம் என்றைக்கு என்று வரைபடம் பார்த்து, அது கொலம்பஸ் தினத்தை ஒட்டிய மூன்று நாள் விடுமுறையில்தான் என்று தாங்களே தீர்மானித்து, எல்லோரும் ஒரே சனிக்கிழமை கிளம்புகிறார்கள். ஃபிராங்கோனியாவில் நிறுத்துமிடம் நிரம்பி, தடை இருந்தும் நெடுஞ்சாலை ஓரத்தில் காரைச் செருகிவிட்டுக் குழந்தைகளோடு நடக்கிறார்கள். பக்கத்தில் வண்டிகள் பறக்கின்றன. ஒரு இலைக்காக!

மரத்துக்கு காலண்டர் தெரியாது. பச்சையம் குறையும்போது வெளியே தெரியும் மஞ்சள், இலைக்குள் கோடை முழுக்க இருந்ததுதான். பிர்ச் மரத்தின் மஞ்சள் அப்படி வருவது. சிவப்பு வேறு கதை. இலையில் தேங்கும் சர்க்கரையிலிருந்து மேப்பிள் அதை இலையுதிர்காலத்தில் புதிதாகச் செய்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் இரண்டும் அமைந்தால் நிறம் கொட்டும், மேகமூட்டமாகவே இருந்தால் மங்கும். மலை உச்சியில் முதலில், பள்ளத்தாக்கில் பிறகு. வடக்கே முன்னால், தெற்கே பின்னால். மேப்பிள் உதிர்ந்த பிறகுதான் ஓக் மரங்கள் செம்பழுப்பாகும். சதுப்பு நிலத்து டாமரக், ஊசியிலை மரமாக இருந்தும், அதற்கும் பிறகு தங்க நிறமாகி உதிரும். ஆறு வாரம் நடக்கும் திருவிழாவுக்கு ஒரே நாளில் தேர் இழுக்க வேண்டும் என்று அடம் பிடித்தால் என்ன செய்வது?

காசு விஷயத்துக்குத் திரும்பினால், நியூ ஹாம்ப்ஷயரின் பூங்காக்கள் 1991லிருந்து தங்கள் வருமானத்திலேயே ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் வாங்குவதுதான் பாதையைச் செப்பனிடுகிறது. கட்டணத்தைக் குறைத்து அரசுப் பணத்தையே நம்பலாம் என்பவர்கள் நியூயார்க்கில் 2010ல் நடந்ததைப் பார்க்கட்டும். பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் 41 பூங்காக்களையும் 14 வரலாற்றுச் சின்னங்களையும் மூடப் பட்டியல் போட்டார்கள். மக்கள் கூச்சல் போட்ட பிறகு மே மாதம் பணம் திரும்பக் கிடைத்தது. அரசுக்குக் கையில் காசு இல்லாதபோது முதலில் கண்ணில் படுவது காடுதான்.

இந்தப் புலம்பலில் நியாயமான ஒன்றும் உண்டு. ஆனால் அதை வேனில் வருகிறவர்கள் கேட்பதில்லை. கார் இல்லாத மாணவன் கேட்க வேண்டியது அது. பெரும்பாலான பூங்காக்களுக்குப் பஸ் கிடையாது. பத்து டாலர் கட்டணம் அவனைத் தடுக்கவில்லை, ஐம்பது மைல் தூரம் தடுக்கிறது. சண்டை போடுவதானால் வாசல் சீட்டுக்காரரிடம் போடாமல் பஸ்ஸுக்காகப் போடலாம். கட்டணமே பாரம் என்பவர்களுக்கு நியூயார்க்கில் ஒரு வழி இருக்கிறது. பல பொது நூலகங்கள் எம்பயர் பாஸ் அட்டையைப் புத்தகம் போலவே இரவல் தருகின்றன. மெய்னின் பாக்ஸ்டர் பூங்காவில் உள்ளூர் வண்டிகளுக்குக் கட்டணமே இல்லை. ஆனாலும் மலையேறும் பாதைகளில் நிறுத்துமிடம் நிரம்பினால் அவ்வளவுதான், எத்தனை டாலர் நீட்டினாலும் அடுத்த கார் உள்ளே போகாது. முன்பதிவு செய்துகொண்டு வரச் சொல்வார்கள், இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை வரச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமையும் மேப்பிள் சிவப்பாகத்தான் இருக்கும்.