காசு கொடாமல் கண்ட முஷ்டியுத்தம்

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் தேதி இரவு, ஹாம்பர்க் நகரத்து மைதானமொன்றில் உக்ரைன் தேசத்து விளாதிமிர் கிளிட்ச்கோவும் இங்கிலாந்தின் டேவிட் ஹேயும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காகப் பொருதியபோது, ஜெர்மனியில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் ஆர்.டி.எல். என்னும் இலவச அலைவரிசையில் அதைச் சாவகாசமாய்ப் பார்த்திருக்க, தங்கள் வீரரே மேடையேறியும் இங்கிலாந்துக்காரர்கள் தனிக் கட்டணம் செலுத்தியே காண வேண்டியிருந்தது. (தோற்ற ஹே, கால்விரலில் காயமென்று அதை நிருபர்களுக்கு எடுத்துக் காட்டினார், அந்தத் தரிசனமும் கட்டணத்தில் அடக்கம் போலும்!) கிளிட்ச்கோ என்னும் அயல்நாட்டாரை ஜெர்மனி வீட்டுப் பிள்ளையாகச் சுவீகரித்துக்கொண்டதற்கு அவருடைய திறமை பாதிக் காரணமென்றால், மற்றப் பாதி இந்த இலவச ஒளிபரப்பே என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் இந்தக் கட்டணம் இருந்ததில்லை. 1985-இல் அயர்லாந்தின் பாரி மக்கிகன் லண்டனில் பெட்ரோசாவை வென்று பட்டம் சூடியதை பி.பி.சி.யில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர். 1996-இல் புரூனோ–டைசன் சண்டையோடு கட்டண முறை அங்கே குடிபுகுந்தது.

ஜப்பானிய விருத்தாந்தம் இன்னும் ரசமானது. முதல் தொலைக்காட்சிப் பெட்டிகள் 1,75,000 யென்னுக்கு விற்று, சாமானிய ஜனங்கள் அவற்றை வாங்க நினைக்கவும் கூடாதிருந்த 1953-ஆம் வருஷத்தில், நிப்பான் டெலிவிஷன் நிலையத்தார் ரெயிலடிகளிலும் நாற்சந்திகளிலும் உயரத்தில் பெட்டிகளை நிறுத்தி, யோஷியோ ஷிராய் தம் உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்ட சண்டையைத் தெருவில் நின்றவர்க்கெல்லாம் காட்டினார்கள். அது தர்மமன்று, வியாபார யுக்தியே. கூட்டம் சேர்ந்தால் விளம்பரதாரர் வருவாரல்லவா? ஆயினும் அந்த யுக்தியின் பலனாக, 1966-இல் ஃபைட்டிங் ஹராடா பிரேசிலின் எடர் ஜோஃப்ரேயை இரண்டாம் முறை வென்ற சண்டைக்கு 60 சதவீதத்துக்கும் மேலான பார்வை விகிதம் கிடைத்தது.

இலவசமென்பதாலேயே எல்லாம் சுபமென்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சவரக்கத்தி விற்கும் ஜில்லெட் கம்பெனியின் தயவில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கே வந்த குத்துச்சண்டை, ஊருக்கு ஊர் இருந்த சிறு கூடங்களில் சீட்டு வாங்குவோரைக் குறைத்து, அவற்றில் பலவற்றை மூடவைத்தது. அங்கே வருஷக்கணக்கில் அடிபட்டுத் தேற வேண்டிய இளைஞர்கள் பக்குவமடையுமுன்பே காமிராவின் முன் நிறுத்தப்பட்டார்கள். 1962 மார்ச் 24 அன்று, கியூபாவின் பென்னி பாரெட் மூலையில் சிக்கி எமில் கிரிஃபித்திடம் அடிமேல் அடி வாங்கி நினைவிழந்ததைத் தேசமே தன் வீட்டுக் கூடங்களில் பார்க்க நேர்ந்தது. பத்து நாட்களில் அவர் இறந்தார். 1964-க்குள் வாராந்தர ஒளிபரப்பும் நின்றுபோயிற்று. ஆனால் அந்தக் கோரத்தை எல்லோரும் கண்டதனால்தான் எல்லோரும் அதைக் குறித்து வாதிட்டார்கள், நியூயார்க் சர்க்காரும் விசாரணை நடத்தியது. கட்டணத் திரைக்குள் நேரும் கொடுமைக்கோ, அதை விலைகொடுத்து விரும்பியவர்களைத் தவிர வேறு சாட்சி ஏது?

வீரர்களின் ஊதியம் பெருகியிருப்பதை நான் குறைகூறத் துணியேன். 2015-இல் மேவெதர்–பாக்கியாவ் சண்டையைச் சுமார் 100 டாலர் வீதம் அமெரிக்காவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினர். எனினும், டோக்கியோ டோம் அரங்கில் 1990-ஆம் ஆண்டு பெயர்போன டைசன் பஸ்டர் டக்ளஸிடம் வீழ்ந்த பகல்வேளையில், ஜப்பானிய ஜனங்கள் காசு கொடாமலே அந்த ஆச்சரியத்தைக் கண்டார்கள். அதே அரங்கில் 2024 மே 6 அன்று, அவர்களுடைய நயோயா இனோவே முதல் சுற்றிலேயே தம் வாழ்க்கையில் முதல்முறையாகத் தரையில் விழுந்து, எழுந்து, ஆறாம் சுற்றில் மெக்ஸிகோவின் நேரியை வீழ்த்தியதை, அமேசான் நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தியிருந்தவர்களே நேரலையில் பார்த்தனர்.