ஒற்றை ஜிமிக்கி குப்பைக்கா?

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பவுடர் டப்பாவோ, பிஸ்கட் டப்பாவோ கட்டாயம் இருக்கும். திறந்து பாருங்கள் குட்டீஸ்! ஜோடியைத் தொலைத்த ஜிமிக்கி, அறுந்த பாசிமணி மாலை, கறுத்துப்போன கவரிங் செயின், கல் உதிர்ந்த மோதிரம் என்று ஒரு கூட்டமே உள்ளே தூங்கும். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இந்த டப்பா நேராகக் குப்பைக்குப் போய்விடுகிறது. இது தப்பு என்பதுதான் என் கட்சி!

தங்க நகையை யாராவது குப்பையில் போடுகிறார்களா? பாட்டியின் அட்டிகையை அழித்து அம்மாவுக்குச் சங்கிலி, அதை அழித்து அக்காவுக்கு வளையல் என்று செய்துகொண்டே இருக்கிறோம். எத்தனை முறை உருக்கினாலும் தங்கம் தங்கம்தான். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் சுமார் 5 ஆயிரம் பதக்கங்களும், ஜப்பான் மக்கள் கொடுத்த பழைய செல்போன் போன்ற மின்னணுப் பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்தில் செய்தவை. தங்கம் மட்டும் 32 கிலோ கிடைத்ததாம்!

கவரிங் நகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும். மேலே இருப்பது மிக மெல்லிய தங்க முலாம். கூடவே கண்ணாடிக் கல், பிளாஸ்டிக் மணி, பசை எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். எடைக்குப் போட்டாலும் பெரிதாகக் காசு தேறாது. அதனால்தான் இதற்கு உங்கள் கை தேவைப்படுகிறது.

ஒற்றை ஜிமிக்கியை ஒரு வளையத்தில் மாட்டினால் சாவிக்கொத்து. பென்சில் பையின் ஜிப்பில் தொங்கவிட்டால் இன்னும் அழகு. அறுந்த மாலையின் மணிகளை நைலான் நரம்பில் கோத்தால் தோழிக்குக் கைக்காப்பு. நிறம் போன பிளாஸ்டிக் வளையலில் கொஞ்சம் பசை தடவி, பட்டு நூலை இடைவெளி இல்லாமல் சுற்றுங்கள். கடை வளையல் தோற்றுவிடும். அழுக்கு மணிகளைச் சோப்பு நீரில் கழுவலாம். கல் ஒட்டிய நகையை மட்டும் ஊற வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.

ஒரு விஷயத்தில் நான் கறார். பழைய நகையை வாயில் வைக்கவே கூடாது! 2006-ல் அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் 4 வயதுச் சிறுவன் ஒருவன், காலணியுடன் இலவசமாக வந்த கைச்சங்கிலியின் டாலரை விழுங்கி, ஈய நஞ்சால் இறந்தே போனான். அந்த டாலர் முழுக்க ஈயம்! மலிவான நகைகள் சிலவற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே தம்பி, தங்கைப் பாப்பாக்களுக்கு இதில் எதையும் செய்து தராதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு அரிப்பைத் தரும். அப்படிப்பட்டவர்கள் காதில், கழுத்தில் போடாமல் பையில் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. நான்கு பழைய மணிகளைப் பயன்படுத்துவதற்காக நாற்பது பாக்கெட் புது மணியும், மினுமினுப்புத் தூளும் வாங்கி வருகிறார்கள்! செய்ததை ஒரு நாள் போட்டுவிட்டு மறந்தும் விடுகிறார்கள். அதற்குப் பேசாமல் டப்பாவை மூடி வைத்திருக்கலாம். இருப்பதை வைத்துச் செய்வதில்தானே சாமர்த்தியம்?

டப்பாவில் உடையாத பழைய நகை ஏதாவது இருந்தால், குறடை எடுக்கும் முன் பாட்டியிடம் காட்டுங்கள். “இது உன் தாத்தா தேர்த் திருவிழாவில் வாங்கித் தந்ததுடா” என்று அவர் சொன்னால், மணிகளைப் பிரிக்காதீர்கள். கொக்கி மட்டும் புதிதாக மாட்டி, பாட்டி கழுத்திலேயே போட்டுவிடுங்கள்!