மண்ணறிந்து மனை கொள்க



கோவில்பட்டிக்கு அருகில் ஓர் ஊரில் புதுமனை மந்திரிக்க நாம் அழைக்கப்பட்டிருந்தோம். பணி ஓய்வு பெற்ற ஒருவர் தமது சேமநல நிதி முழுவதையும் கொடுத்து, பிறரிடமிருந்து வாங்கிய வீடு அது. சித்திரை மாதம். சுவரெங்கும் புது வெள்ளை. கதவுகள் விரல் பட்டதும் திறந்தன. மனநிறைவோடு மந்திரித்துத் திரும்பினோம்.

கார்த்திகையில் மீண்டும் சென்றபோது, முன்கதவைத் திறக்க அவர் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. சன்னல் மூலைகளிலிருந்து படிக்கட்டுப்போல் சாய்வாக வெடிப்புகள் ஓடின. "மண்ணைக் கேளாமல் வாங்கிவிட்டோம், சாமி" என்றார் அவர்தம் துணைவியார். அச்சொல் நம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் மண்ணை அறியாதார் யார்? மழையில் உப்பும், கோடையில் கை நுழையுமளவு வெடிக்கும். அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமக் கனிமமே இதற்குக் காரணம். அதன் மெல்லிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் அவை விலகி விரிகின்றன. நீர் வற்றினால் சுருங்குகின்றன. ஈரத்தைப் பிடித்து வைத்துப் பருத்தியை வாழ்விக்கும் அதே இயல்பு, வீட்டுக்குச் சோதனையாகிறது. வீட்டின் ஓரத்து மண் மழையில் நனைந்து வெயிலில் காய, நடுவிலுள்ள மண் அவ்வளவாக மாறுவதில்லை. ஒருபுறம் எழும்ப, மறுபுறம் அசையாதிருக்க, இடையில் அகப்பட்ட சுவர் பிளக்கிறது. மண் மேலெழும் விசையை அடக்கப் போதிய பாரமில்லாத ஒற்றைமாடி வீடுகளே இதில் மிகுதியும் துன்புறுகின்றன.

ஆகவே வாங்குமுன் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரே பருவத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மழைக்குப் பின்னும் கோடையிலும் பாருங்கள். தரை நடுவில் எழும்பியுள்ளதா, கதவு நிலை கோணியுள்ளதா, ஓரிடத்தில் மட்டும் புதுப்பூச்சு ஏன் என்று நோக்குங்கள். அண்டை வீட்டாரின் சுவர்களும் உண்மை சொல்லும்.

அடித்தளம் எத்தகையது என்று கேளுங்கள். இத்தகைய மண்ணுக்கென ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு முறையை வளர்த்துத் தந்துள்ளது. ஈரம் பருவத்துக்குப் பருவம் மாறாத ஆழம்வரை, பொதுவாக 3.5 மீட்டர் அளவுக்கு, கான்கிரீட் தூண்கள் இறக்கப்படும். அவற்றின் அடிப்புறம் குமிழ்போல் அகன்றிருக்கும். தூண்களை இணைக்கும் உத்தரத்துக்கும் மண்ணுக்கும் இடையே, மண் உப்புவதற்கென இடைவெளி விடப்படும்.

மண்ணைச் சோதிக்கவும் எளிய வழியுண்டு. காய்ந்து சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரு அளவுக் குழாய்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் வைப்பர். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதைக் காட்டிலும் நீரிலுள்ள மண்ணின் பருமன் 50 சதவீதத்துக்கு மேல் மிகுந்தால் எச்சரிக்கை வேண்டும். மண் ஆய்வுக்கூடங்களில் இதனைச் செய்து தருவர். வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு மிகச் சிறிது.

ஏற்கெனவே வாங்கியோர் மனந்தளர வேண்டா. கூரைநீரைக் குழாய்வழியே தொலைவில் விடுங்கள். சுவரைச் சுற்றி வெளிப்புறம் சரியும் தளம் போடுங்கள். கசியும் குழாய்களை உடனே செப்பனிடுங்கள். பெருமரங்களைச் சுவரருகே நடாதீர்கள். அவற்றின் வேர்கள் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். நாம் சொன்ன குடும்பத்தாரும் பொறியாளர் ஒருவரைக் கேட்டு இவற்றைச் செய்தனர். பழைய வெடிப்புகள் மறையவில்லை; ஆயினும் அடுத்த மழையில் அவை வளரவில்லை.

விற்போருக்கும் ஒரு சொல். வெடிப்பின்மேல் வெள்ளை பூசி வாய்மூடி விலை பேசுவது வணிகத் திறமையன்று. அடுத்தவர் ஆயுட்கால உழைப்பைக் களவாடுதலே. குறையைச் சொல்லி அதற்கேற்ற விலையைக் கேட்பதே நேர்மை.

இனிப் புதுமனை மந்திரிக்க நம்மை அழைக்க எண்ணுவோர், முன்பணம் கொடுக்குமுன் ஒரு பிடி மண்ணைக் கையிலெடுத்துப் பாருங்கள்.