"ஆடுகளம் சரியில்லை": எப்போது சாக்கு, எப்போது சாட்சியம்?

மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பையின் ஆசாத் மைதானத்தைக் கடந்து செல்பவர்கள் ஒரு விந்தையான காட்சியைக் காணலாம். வார நாள்களில் அலுவலகத்திலும் கடையிலும் கல்லூரியிலும் இருப்பவர்கள் அன்று வெள்ளுடை அணிந்து சேற்றில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். டாக்டர் ஹெச். டி. காங்காவின் பெயரில் 1948இல் தொடங்கிய காங்கா லீக் போட்டிகள் அவை. இங்கு ஓர் அணி ஐம்பது ஓட்டங்களை எட்டாமலே சுருண்டுவிடுவது அரிதன்று. தோற்ற அணியினர் மட்டையை உறையிலிட்டுக்கொண்டே "ஆடுகளம் சரியில்லை" என்பார்கள். கேட்பவர்கள் புன்னகைப்பார்கள். தோற்றவர் வேறென்ன சொல்வார் என்பது அப்புன்னகையின் பொருள்.

ஆனால் அவர்கள் சொல்வது பொய்யன்று. மூடப்படாத ஆடுகளம் மழையில் ஊறும்போது பந்து மண்ணில் பதிந்து, தயங்கி, மட்டையாளர் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருகிறது. வெயில் தலைகாட்டி மேற்பரப்பு மட்டும் காயத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு பந்து மார்பளவு எழும். அதே இடத்தில் விழும் அடுத்த பந்து கணுக்காலைத் தாண்டாது. தரையோடு அடித்த பந்தை வெளிக்களத்தின் நெடும்புல் விழுங்கிவிடும். உலர்ந்த களத்தில் நான்கு ஓட்டம் தரும் அடி இங்கு ஒன்றைக்கூடத் தராமல் போகலாம்.

இந்தக் கடுமையைத்தான் மும்பை தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. பந்தைக் கடைசிக் கணம்வரை கண்காணிக்கவும், விக்கெட்டை எளிதில் விட்டுக்கொடுக்காதிருக்கவும் காங்கா லீக் கற்றுத்தந்தது என்பது அந்நகரக் கிரிக்கெட்டின் நெடுநாளைய நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. எனினும் அந்த உண்மை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. சேறு இரு அணிகளுக்கும் பொது. நாணயச் சுழற்சி ஒருவருக்குச் சாதகமாக அமையலாம். அடுத்த ஞாயிறு அது மற்றவருக்குச் சாதகமாகும். மழை யாருடைய பெயரையும் பார்த்துப் பெய்வதில்லை.

இதே மைதானப் பகுதிக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் பம்பாயின் பார்சி இளைஞர்களும் பிற இந்தியர்களும் பொது மைதானத்தில் கிரிக்கெட் ஆடிவந்தனர். 1875இல் நிறுவப்பட்ட, ஐரோப்பியருக்கு மட்டுமான பம்பாய் ஜிம்கானாவுக்குத் தனியே ஒரு நல்ல ஆடுகளம் இருந்தது. ஆனால் அதன் உறுப்பினர்கள் போலோ ஆடியது இந்தியர்கள் ஆடிய பொது நிலத்தில். குதிரைக் குளம்புகள் மண்ணைக் குத்திக் கிளறின. அந்தப் பள்ளங்களில் விழுந்த பந்து எங்கே எழும் என்று எவராலும் கணிக்க முடியவில்லை. இந்திய ஆட்டக்காரர்கள் அரசுக்கு விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் அனுப்பினர். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற ஷாபூர்ஜி சொராப்ஜி 1897இல் அதை ஒரு நூலாகவே பதிவுசெய்தார். அவர்களும் சொன்னது இதைத்தான்: ஆடுகளம் சரியில்லை. ஆனால் இம்முறை அது சாக்கன்று, சாட்சியம்.

1886இல் இங்கிலாந்து சென்ற பார்சி அணி 28 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது, 19இல் தோற்றது. வெறும் எண்ணாகப் பார்ப்பவருக்கு அது திறமையின்மையின் கணக்கு. அந்த ஆட்டக்காரர்கள் எத்தகைய களத்தில் பயின்றார்கள் என்ற கேள்வி அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. 1890 ஜனவரியில் ஜி. எஃப். வெர்னன் தலைமையில் வந்த இங்கிலாந்தின் தொழில்முறை சாராத அணியைப் பார்சிகள் பம்பாயில் தோற்கடித்தனர். உடனே எதிர்ப்பக்க வாதமும் எளிதாகிவிடுகிறது: பார்த்தீர்களா, கடினமே அவர்களை வளர்த்தது என்று. வென்றவர்களின் பெயரால் குளம்புப் பள்ளங்களை நியாயப்படுத்தும் வாதம் இது. அந்தப் பள்ளங்களால் ஆட்டத்தையே விட்டவர்களின் பட்டியலை எவரும் வைத்திருப்பதில்லை.

இங்கே பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஒன்று, இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் கடினம், அது பயிற்சி. மற்றொன்று, ஒரு தரப்பின்மீது மட்டும் சுமத்தப்படும் கடினம், அது அநீதி. இரண்டிலிருந்தும் நல்ல ஆட்டக்காரர் உருவாகக்கூடும் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

கல்விப்புலத்தினர் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டிய காரணம் உண்டு. முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவர், நூலகமில்லாப் பள்ளியிலிருந்தும் ஆய்வகமில்லாக் கல்லூரியிலிருந்தும் வந்து, பழகாத மொழியில் எழுதித் தேர்வில் பின்தங்கும்போது அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் காங்கா லீக்கின் மொழியில்தான் இருக்கிறது. "நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம், கஷ்டம்தான் மனிதனை உருவாக்கும்" என்கிறார்கள். அதே தேர்வை எழுதும் மற்றொருவர் உருளையிட்டுச் சமன்செய்த களத்தில் பல்லாண்டு பயின்றவர் என்பது அந்த அறிவுரையில் இடம்பெறுவதில்லை. வினாத்தாள் ஒன்றாக இருப்பதாலேயே ஆடுகளமும் ஒன்றாகிவிடாது.

தோற்றவர் காட்டும் காரணங்களையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். காங்கா லீக்கில் தோற்ற அணி அடுத்த வாரம் தன் தடுப்பாட்டத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டு வருவதே முறை. ஆனால் புன்னகைத்து நகர்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: எதிரணியும் இதே சேற்றில்தான் ஆடியதா? ஆம் என்றால் மட்டையைக் குறைசொல்லலாம். இல்லை என்றால் குளம்புத் தடங்கள் யாருடையவை என்று பார்ப்பதே ஆய்வாளரின் கடமை.