மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு எதுக்குச் சமூக அறிவியல்? ஓசூர் தரும் பதில்

ஓசூர் பக்கம் பல குடும்பங்களில் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு. பாட்டி பிறந்தது சேலம் மாவட்டம். அப்பா பிறந்தது தருமபுரி மாவட்டம். பிள்ளை பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். ஆனால் குடும்பம் ஊரும் மாறவில்லை, வீடும் மாறவில்லை. அதே தெரு, அதே திண்ணை.

1965 வரை இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு தருமபுரி தனி மாவட்டமானது. 2004 பிப்ரவரியில் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இதை எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். "அப்போ கோடு போட்டது யாரு?" என்ற கேள்வி தானாக வரும். சமூக அறிவியல் தொடங்கும் இடம் அதுதான். ஆனால் பல வகுப்பறைகளில் அந்தப் பாடம் 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. தலைநகரம் எது, மாநில விலங்கு எது, மாநில மரம் எது? பிள்ளை ஒப்பிக்கும், மார்க் வாங்கும், மறந்துவிடும்.

மாநில எல்லையில், பல மொழிகளுக்கு நடுவில், தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இது மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடப் பெரிய நஷ்டம்.

புத்தகத்தில் குறையா?

பெரிய குறை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 1, 2-ஆம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் என்ற பாடம் இருக்கிறது. 3-ஆம் வகுப்பில் அது அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிகிறது. 2018, 2019-ல் வந்த புதிய பாடநூல்கள் பழையவற்றைவிடப் படங்களோடும் செயல்பாடுகளோடும் இருந்தன. 4-ஆம் வகுப்பில் ஐவகை நிலங்களும் நகராட்சி, மாநகராட்சிப் பாடமும் சேர்ந்தன. மத்தியப் பாடத்திட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே 3 முதல் 5 வரை அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே பாடம்.

சிக்கல் நேரத்தில்தான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதப் படிக்க, கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்பது இலக்கு. நியாயமான இலக்கு, தேவையான திட்டம். ஆனால் அதன் கவனம் முதன்மையாகத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மீதுதான். எதை அளக்கிறார்களோ அதுதான் வகுப்பில் நடக்கும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் நேரம் போதாமல் போனால், முதலில் வெட்டுப்படுவது சமூக அறிவியல்தான். மார்க்கை மட்டும் பார்க்கும் தனியார் பள்ளியிலும் கதை வேறில்லை. அங்கே அது பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம்.

'முதல்ல படிக்கத் தெரியட்டும்' என்பது சரியா?

கேட்க நியாயமாக இருக்கும் வாதம் இது. எழுத்துக் கூட்டவே தடுமாறும் பிள்ளைக்கு வரலாறும் புவியியலும் எதுக்கு?

2020-ல் அமெரிக்காவில் ஃபோர்டாம் நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மழலையர் வகுப்பு முதல் 5-ஆம் வகுப்பு வரை ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடர்ந்த தரவு அது. மொழிப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுத்த வகுப்புகளில் வாசிப்புத் திறன் அதனால் பெரிதாக உயரவில்லை. சமூக அறிவியலுக்குக் கூடுதல் நேரம் கிடைத்த பிள்ளைகளோ வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். அந்தப் பலன் அதிகம் தெரிந்தது பெண் பிள்ளைகளிடமும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடமும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளிடமும்தான். ஒன்றோடொன்று சேர்ந்து காணப்பட்டது என்பதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அதில் ஆச்சரியமும் இல்லை. 'அணையின் மதகுகள் திறக்கப்பட்டன' என்ற வரியை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். அணை என்றால் என்ன, தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாத பிள்ளைக்கு அது வெறும் சத்தம்தான். விஷயம் தெரிந்தால்தான் வாசிப்பு பிடிபடும்.

ஓசூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகள். இப்போது இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர் குடும்பங்களும் வந்திருக்கின்றன. பள்ளிப் பாடத்தைத் தன் வாழ்க்கையோடு ஒட்டவைக்கும் பசை இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் தேவை.

ஊரே பாடமாக முடியுமா?

நியூயார்க்கில் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்ற கல்வியாளர் 1934-ல் ஒரு நூல் எழுதினார். சின்னப் பிள்ளைகளைப் புவியியல் ஆய்வாளர்களாக நடத்தச் சொன்னது அது. வெளியே கூட்டிப் போங்கள், பார்த்ததை வரையச் சொல்லுங்கள், எது எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஓசூரில் அதற்கான பாடங்கள் தெருவிலேயே கிடக்கின்றன.

*ஆறு:* தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கிறது. பெங்களூருவின் கழிவையும் சுமந்துகொண்டு ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாக நுரை பொங்கும் காட்சியை இந்தப் பகுதிப் பிள்ளைகள் போனிலாவது பார்த்திருப்பார்கள். 'நுரை எங்கிருந்து வருது?' என்பது மூன்றாம் வகுப்புக் கேள்விதான். அது வீட்டுச் சோப்புத்தூளில் தொடங்கி இரண்டு மாநில அரசுகள் வரை போகும். அதோடு நிறுத்தக் கூடாது. 'நம்ம ஊர்ச் சாக்கடை எங்கே போகுது? கிருஷ்ணகிரி அணையிலும் சாத்தனூரிலும் கடலூரிலும் இருக்கிறவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பாங்க?' என்றும் கேட்க வேண்டும். அண்டை மாநிலத்தைக் குறை சொல்லக் கற்றுத்தருவது எளிது. நம் கீழேயும் ஒருவர் இருக்கிறார் என்று காட்டுவதுதான் கல்வி.

*எல்லை:* ஜூஜுவாடியில் தமிழ்ப் பலகை, கொஞ்ச தூரத்தில் அத்திப்பள்ளியில் கன்னடப் பலகை. சுதந்திரத்துக்கு முன் இந்தப் பக்கம் பிரிட்டிஷாரின் சென்னை மாகாணம், அந்தப் பக்கம் மைசூர் சமஸ்தானம். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. இந்தப் பக்கம் 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது, அந்தப் பக்கம் 1973-ல் கர்நாடகம் ஆனது. ஆனால் கோட்டின் இரண்டு பக்கமும் இன்றும் எல்லா மொழியும் கேட்கிறது. கோடு இயற்கையாக முளைத்ததல்ல, மனிதர்கள் பேசி முடிவு செய்தது என்பது பிள்ளைக்குப் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

*வேலை:* 1970-களில் சிப்காட் வந்த பிறகு ஊரின் முகமே மாறியது. லாரி, டூவீலர், கைக்கடிகாரம் என்று வரிசையாக ஆலைகள். இன்று போன் பாகங்களும், போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டரும். இன்னொரு பக்கம் ரோஜாத் தோட்டம், மாந்தோப்பு. 'உன் வீட்டில் யார் எந்த ஷிப்ட்?' 'இந்த ரோஜா யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகுது?' இந்த இரண்டு கேள்வி போதும், பொருளாதாரப் பாடம் ஓடும்.

*கல்லும் இரும்பும்:* கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு நட்ட கல்லும் அவற்றில் உண்டு. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு சுமார் 4,200 ஆண்டு பழமையானது என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் சிவகளை முடிவுகள் தமிழகத்தின் இரும்புக் காலத்தை இன்னும் பின்னால் தள்ளின. 'நாமதான் முதல்' என்று கைதட்டுவதைவிட, 'அது எப்படித் தெரிஞ்சது? ஏன் விடை மாறுச்சு?' என்று கேட்பது நல்ல வரலாற்று வகுப்பு.

உள்ளூர்ப் பாடம் சலிக்காதா?

சலிக்கும், சரியாகச் செய்யாவிட்டால். 'இவர் தபால்காரர், இவர் போலீஸ்காரர்' ரகப் பாடங்களை அமெரிக்க வரலாற்றாசிரியர் டயான் ராவிட்ச் 1987-லேயே கடுமையாக விமர்சித்தார். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பாடமாக வைக்கிறீர்கள், கதையும் சாகசமும் தூர தேசமும் எங்கே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

அதனால் ஊர் தொடக்கமாக இருக்க வேண்டும், வேலியாக இருக்கக் கூடாது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தச் சின்ன ஊரிலிருந்து டெல்லி வரைக்கும் ஒரு கதையாகப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். டைட்டன் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடிகாரமே இல்லாத காலத்தில் நேரம் எப்படிப் பார்த்தார்கள் என்று எகிப்து வரை போகலாம்.

இவ்வளவு அவசரம் என்ன?

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. எல்லையில் போக்குவரத்து நின்றது. ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மக்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே போனார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ஊருக்குக் கிளம்பியவர்கள் பலர்.

இரண்டு சம்பவத்திலும் பெரியவர்களுக்குத் தேவைப்பட்டவை இரண்டே பழக்கங்கள். ஒன்று, 'இதைச் சொன்னது யாரு, எப்படித் தெரியும்?' என்று கேட்பது. இன்னொன்று, வேறு மொழி பேசுபவரும் நம்மைப்போலப் பிழைக்க வந்தவர்தான் என்று நினைப்பது. இவை 25 வயதில் வாட்ஸ்அப்பில் வராது. 'டேய் இந்திக்காரா' என்று பக்கத்து பெஞ்சுப் பையனைக் கூப்பிடும் எட்டு வயதிலேயே, அவன் ஊரையும் வகுப்பறை வரைபடத்தில் குறிக்க வைத்தால் வரும்.

என்ன செய்யலாம்?

ஆசிரியர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை. பாட்டியிடம் கேட்டு எழுதுவது தமிழ் வகுப்பு. பஸ் டிக்கெட்டை வைத்துத் தூரமும் கட்டணமும் பார்ப்பது கணக்கு வகுப்பு. தெலுங்கு பேசும் பிள்ளை முதலில் தெலுங்கில் சொல்லட்டும், பிறகு தமிழில் எழுதட்டும். 'எண்ணும் எழுத்தும்' நேரத்துக்குள்ளேயே இது அடங்கும்.

மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் உள்ளூர் ஆசிரியர்களை வைத்தே ஒரு சின்னக் கையேடு தயாரிக்கலாம். 20 பக்கம் போதும்: ஆறு, எல்லை, ஆலை, நடுகல். பரீட்சையில் நிரப்புகக் கேள்விகளில் இரண்டைக் குறைத்து, 'உன் ஊரைப் பற்றி நீ கண்டுபிடித்த ஒன்றை எழுது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் எழுது' என்று கேட்கலாம்.

ஆலைகளுக்கும் பங்கு உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் ஸ்மார்ட் போர்டு மாட்டுவதும் நல்லதுதான். வருஷத்தில் ஒரு நாள் பக்கத்துப் பள்ளியின் நான்காம் வகுப்புக்குக் கேட்டைத் திறந்துவிட்டால் அதைவிட நல்லது.

பெங்களூருவுக்கு வேலைக்குப் போய்வரும் பெற்றோருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு பஸ் ஏறி அத்திப்பள்ளி வரை போகலாம். பலகைகளில் எழுத்து எங்கே மாறுகிறது, சாப்பாட்டுக் கடையில் பேச்சு எங்கே மாறுகிறது, எது மாறவே இல்லை என்று பிள்ளையையே எண்ணச் சொல்லலாம். விடையை நாம் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமான பகுதி.